எளிய டூயல் ஸ்போர்ட் பைக்: கம்பெனியால் மட்டுமே திருத்தக்கூடியவை

[காட்சி: தார்ச்சாலை முடிந்து மண்பாதை தொடங்கும் இடம். பைக் வேகத்தைக் குறைக்காமல் இறங்கிச் செல்கிறது.]

தார்ச்சாலை முடிந்த பிறகும் பயணத்தைத் தொடரக்கூடிய பைக்தான் டூயல் ஸ்போர்ட். ஹெட்லைட், இண்டிகேட்டர், நம்பர் பிளேட் எல்லாம் இருக்கும். முன்னால் பெரும்பாலும் 21 அங்குலச் சக்கரம், பின்னால் 18 அங்குலம், ஸ்போக்ஸ் கம்பிகள், நீண்ட சஸ்பென்ஷன், ஒற்றை சிலிண்டர் இன்ஜின். 1968-இல் வந்த யமஹா டிடி-1 இந்த வகையைப் பரவலாக்கியது. அதன் பிறகு அடிப்படை அமைப்பு பெரிதாக மாறவில்லை. சுசுகி டிஆர்650எஸ்இ 1996-இல் எப்படி வந்ததோ, கார்புரேட்டரோடு (பெட்ரோலைக் காற்றோடு கலக்கும் பழைய முறை) ஏறக்குறைய அப்படியேதான் பல ஆண்டுகள் விற்றது. அதை வாங்கியவர்களில் பாதிப்பேர் "எதையும் மாற்றிவிடாதீர்கள்" என்று மன்றாடுகிறவர்கள்!

மீதிப் பாதியிடம் என்ன வேண்டும் என்று கேளுங்கள். பட்டியல் நீளும், அதுவும் ஒன்றுக்கொன்று முரணாக நீளும். சீட் தாழ்வாக வேண்டும், அடிப்பாகம் பாறையில் இடிக்கவும் கூடாது. எடை குறைய வேண்டும், டேங்க் பெரிதாக வேண்டும். அதனால் இந்த வீடியோவில் பட்டியலை வேறு விதமாகப் பிரித்துக்கொள்கிறேன். ஸ்பேனர் பிடிக்கத் தெரிந்தவர் தாமே மாற்றிக்கொள்ளக்கூடியவை ஒரு பக்கம். தொழிற்சாலையில் மட்டுமே மாற்ற முடிந்தவை இன்னொரு பக்கம். கம்பெனியிடம் சண்டை போட்டுக் கேட்க வேண்டியவை இந்த இரண்டாம் பக்கத்தில்தான் இருக்கின்றன.

[காட்சி: திறந்து வைத்த கியர்பெட்டி. விரல் ஒவ்வொரு பல்சக்கரமாகச் சுட்டுகிறது.]

முதலில் ஆறாவது கியர். டூயல் ஸ்போர்ட் பைக்கின் முதல் கியர், கல் நிறைந்த ஏற்றத்தில் நடை வேகத்தில் ஏற வேண்டும். அதே பைக்கின் கடைசி கியர், நெடுஞ்சாலையில் இன்ஜின் அலறாமல் ஓட வேண்டும். இந்த இரண்டுக்கும் நடுவில் மூன்று கியர்கள் மட்டும் இருந்தால் ஏதோ ஒன்றை விட்டுக்கொடுத்தே ஆக வேண்டும்.

செயின் ஓடும் பல்சக்கரமான ஸ்ப்ராக்கெட்டை மாற்றினால் போதாதா என்பார்கள். கணக்குப் போட்டுப் பார்ப்போம். முன் ஸ்ப்ராக்கெட்டில் 15 பற்களுக்குப் பதில் 14 பற்கள் வைத்தால், அதே இன்ஜின் சுழற்சியில் (ஆர்பிஎம்மில்) பைக்கின் வேகம் ஏறத்தாழ 7 சதவீதம் குறைகிறது. மணிக்கு 90 கிலோமீட்டரில் போன பைக் இப்போது 84-இல் போகும். முதல் கியர் காட்டுப்பாதைக்கு இதமாகிவிட்டது, உண்மைதான். ஆனால் கடைசி கியரும் அதே 7 சதவீதத்தை இழந்துவிட்டது. ஸ்ப்ராக்கெட் எல்லா கியர்களையும் ஒன்றாக நகர்த்தும். முதல் கியருக்கும் கடைசி கியருக்கும் இடையிலான அகலத்தை அதனால் தொட முடியாது. அந்த அகலம் இன்ஜினின் வார்ப்புக் கூடான கிராங்க்கேஸுக்குள் பூட்டிக் கிடக்கிறது.

கம்பெனிகள் தயங்குவதற்கும் காரணம் அதுவே. இன்னொரு ஜோடிப் பல்சக்கரம் வைக்க இடம் வேண்டும். இடம் இல்லையென்றால் தண்டுகள் நீள வேண்டும், கிராங்க்கேஸை வேறு அச்சில் வார்க்க வேண்டும், இன்ஜினை முதலிலிருந்து சோதிக்க வேண்டும். 2000-இல் வந்த சுசுகி டிஆர்-இசட்400எஸ் கால் நூற்றாண்டு கழித்து 2025-இல் டிஆர்-இசட்4எஸ் ஆக மறுபிறவி எடுத்தது. கார்புரேட்டருக்குப் பதில் ஃபியூயல் இன்ஜெக்ஷன் வந்தது, சக்கரம் வழுக்கிச் சுழல்வதைத் தடுக்கும் டிராக்ஷன் கன்ட்ரோல் வந்தது, எல்இடி விளக்கு வந்தது. கியர் மட்டும் அதே ஐந்து. 2022 மாடலாகத் திரும்பி வந்த கவாசாகி கேஎல்ஆர்650-உம் இன்ஜெக்ஷனோடு வந்தது, ஐந்து கியரோடு வந்தது. ஆறு கியர் எங்கே கிடைத்தது? இன்ஜினையே புதிதாக வரைந்த இடங்களில். ராயல் என்ஃபீல்ட் ஹிமாலயன் 411-இல் ஐந்து கியர், புது இன்ஜின் வந்த 450-இல் ஆறு. ஹீரோ எக்ஸ்பல்ஸ் 200-இல் ஐந்து, புது இன்ஜின் வந்த 210-இல் ஆறு.

ஆனால் ஆறு என்ற எண்ணிக்கையிலும் ஏமாறலாம். கியர்கள் நெருக்கமாக அமைந்திருந்தால் ஆறு இருந்தும் அகலம் கூடாது. விவரத்தாளில் முதல் கியரின் விகிதத்தைக் கடைசி கியரின் விகிதத்தால் வகுத்துப் பாருங்கள். விடை பெரிதாக இருக்கும் பைக்கின் கியர்பெட்டிதான் அகலமானது.

[காட்சி: பின்புறச் சட்டகம். பைகள் கட்டும் இடமும் போல்ட்டுகளும்.]

அடுத்தது சப்ஃப்ரேம், அதாவது சீட்டையும் சுமையையும் தாங்கும் பின்புறச் சட்டகம். விற்பனைப் பேச்சில் இது வருவதே இல்லை. முதல் தடவை பைகளைக் கட்டிக்கொண்டு நீண்ட பயணம் போகிறவருக்குத்தான் இதன் அருமை தெரியும்.

இங்கே ஒரு உண்மையான சிக்கல் இருக்கிறது. பழைய கேஎல்ஆர்650-இல் சப்ஃப்ரேம் போல்ட்டால் இணைக்கப்பட்டிருந்தது. அதிகச் சுமையோடு குண்டு குழியில் போகும்போது மேல் போல்ட்டுகள் முறிவதுண்டு. வலுவான போல்ட் வாங்கி மாற்றுவது அந்த பைக்கை வாங்கியவர்கள் செய்யும் முதல் வேலைகளில் ஒன்றாக இருந்தது. 2022 மாடலில் கம்பெனி அதற்குச் சொன்ன பதில், பின்சட்டகத்தை முதன்மைச் சட்டகத்தோடு ஒன்றாக்கிவிட்டது. இனி போல்ட் முறியாது. ஆனால் ஒரு மோசமான விழுகையில் பின்பகுதி வளைந்தால், கழற்றி மாற்றவும் முடியாது. முழுச் சட்டகத்தோடு வெல்டிங் பட்டறைக்குப் போக வேண்டும். என் வாக்கு போல்ட்டுக்குத்தான், தடிமனான போல்ட்டுக்கு. இதில் மாற்றுக்கருத்து உள்ளவர்கள் நிறையப் பேர் உண்டு. நகரத்தில் ஓட்டிவிட்டு ஞாயிற்றுக்கிழமை மட்டும் மண்பாதைக்குப் போகிறவருக்கு வெல்டிங் செய்த சட்டகமே நிம்மதி.

[காட்சி: ஹேண்டில்பாரில் ஃபோன், துணை விளக்குகள், சூடாகும் கைப்பிடி.]

மின்சாரம். பழைய எளிய பைக்குகளில் மின்சாரம் தயாரிக்கும் ஆல்டர்னேட்டர், ஹெட்லைட்டையும் இக்னிஷனையும் ஓட்டுவதற்கு அளந்து வைத்தது. இப்போது ஃபோனுக்கு சார்ஜ் வேண்டும், மூடுபனி விளக்கு வேண்டும், குளிர்ப் பகுதியில் சூடாகும் கைப்பிடி வேண்டும். கைப்பிடி மட்டுமே சுமார் 30 முதல் 40 வாட் கேட்கும். வழக்கமான எச்4 ஹாலஜன் பல்ப் 55 அல்லது 60 வாட் எடுக்கிறது. எல்இடிக்கு மாறினால் அதில் பெரும்பகுதி மிச்சம். அது நாமே செய்துகொள்ளக்கூடியது. ஆல்டர்னேட்டருக்குள் இருக்கும் ஸ்டேட்டர் காயிலை மறுபடி சுற்றுவதும் சாத்தியம்தான், ஆனால் எல்லோராலும் முடிகிற வேலை அது இல்லை. கூடுதலாக ஐம்பது அறுபது வாட் தரும் ஸ்டேட்டரைத் தொடக்கத்திலேயே வைப்பது கம்பெனிக்குப் பெரிய காரியம் இல்லை.

இனி எல்லோரும் முதலில் புகார் சொல்லும் சஸ்பென்ஷனுக்கு வருவோம். மெலிந்த ஆளுக்கு அளவெடுத்த ஸ்பிரிங், கனத்த ஆளும் பையும் ஏறினால் பாதித் தூரம் அமுங்கிவிடும். ஓட்டுநர் உட்கார்ந்த நிலையில் சஸ்பென்ஷன் தன் மொத்தப் பயணத்தில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு அமுங்கியிருப்பது சரி. 250 மில்லிமீட்டர் பயணம் என்றால் 75 முதல் 85 வரை. அதைவிடக் கூடுதலாக அமுங்கினால் ப்ரீலோடை, அதாவது ஸ்பிரிங்கின் ஆரம்ப இறுக்கத்தை, ஓரளவு கூட்டலாம். அதற்கு மேல் ஸ்பிரிங்கையே மாற்ற வேண்டும். ஸ்பிரிங் மாற்றுவது நம் பக்கத்து வேலை. எல்லா எடைக்கும் பொருந்தும் ஸ்பிரிங்கைக் கம்பெனியிடம் எதிர்பார்ப்பதில் நியாயம் இல்லை. கேட்க வேண்டியது ஒன்றுதான்: பிரித்து எண்ணெய் மாற்றக்கூடிய பின்பக்க ஷாக் அப்சார்பர். மலிவான மாடல்கள் சிலவற்றில் அது மூடி ஒட்டிய குழாயாக வருகிறது. தேய்ந்துவிட்டால் தூக்கி எறிய வேண்டியதுதான்.

சீட் உயரச் சண்டையும் இதோடு சேர்ந்ததே. ஹோண்டா எக்ஸ்ஆர்650எல்-இன் சீட் 940 மில்லிமீட்டர் உயரம். யமஹா டிடபிள்யூ200 அதைவிட சுமார் 15 சென்டிமீட்டர் தாழ்வு. கால் எட்டாதவர்கள் பின்பக்க சஸ்பென்ஷன் இணைப்பை மாற்றி பைக்கைத் தாழ்த்துகிறார்கள். அப்போது சைடு ஸ்டாண்டையும் வெட்டிக் குறைக்க வேண்டியிருக்கிறது, தரையிலிருந்து கிடைத்த இடைவெளியும் போய்விடுகிறது. உயரத்தைவிட அகலம் முக்கியம் என்பது என் எண்ணம். டேங்கை ஒட்டிய இடத்தில் சீட் ஒடுங்கியிருந்தால் அதே உயரத்திலும் கால் தரையை எட்டும்.

பிரேக் பிடிக்கும்போது சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் தடுக்கும் ஏபிஎஸ் பற்றிச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். மண்ணில் பின்சக்கரத்தைப் பூட்டி வழுக்கித் திருப்ப வேண்டியிருக்கும். அதற்குப் பின்பக்க ஏபிஎஸ்ஸை நிறுத்தும் பொத்தான் வேண்டும். பல பைக்குகளில் பொத்தான் இருக்கிறது. ஆனால் சாவியைத் திருப்பி மீண்டும் போட்டால் ஏபிஎஸ்ஸும் திரும்பி வந்து நிற்கிறது. சாலைப் பாதுகாப்பை நினைத்து அப்படி வைக்கிறார்கள், அதைக் குறை சொல்ல முடியாது. சாவியைத் தொடாமல் கில் ஸ்விட்சால் இன்ஜினை நிறுத்தினாலாவது நம் தேர்வு அப்படியே இருக்கும்படி செய்யலாம்.

இன்ஜின் வால்வுகளின் இடைவெளியைச் சரிபார்க்கும் சோதனையும் இரண்டாம் பக்கத்தைச் சேர்ந்ததுதான். யமஹா டபிள்யூஆர்250ஆர் ஏறத்தாழ 42,000 கிலோமீட்டருக்கு ஒரு முறை பார்த்தால் போதும் என்றது. டிஆர்650-இல் அதைவிட அடிக்கடி பார்க்க வேண்டும், ஆனால் திருகிச் சரிசெய்யும் வகை என்பதால் ஒரு ஸ்பேனரும் இடைவெளியை அளக்கும் ஃபீலர் கேஜும் இருந்தால் காரியம் முடிந்தது. இரண்டுமே நல்ல வழிகள். அடிக்கடி திறக்கவும் வேண்டும், திறப்பதும் கடினம் என்ற மூன்றாவது வகைதான் வேண்டாம்.

[காட்சி: ஹேண்ட்கார்டு, பாஷ் பிளேட், கேரியர் வரிசையாகத் தரையில்.]

இவை எல்லாம் நம் பக்கம். ஹேண்ட்கார்டு, இன்ஜினின் அடிப்பாகத்தைக் காக்கும் பாஷ் பிளேட், கேரியர், கண்ணாடி, டயர்: நமக்குப் பிடித்ததை நாமே வாங்கிக்கொள்ளலாம். கம்பெனி பூட்டிக் கொடுக்கும் பிளாஸ்டிக் பாஷ் பிளேட்டைப் பலர் முதல் மாதத்திலேயே கழற்றிவிடுகிறார்கள். வண்ணத்திரையும் வேண்டாம், கீழே விழும் பைக்கில் விலை உயர்ந்த திரை எதற்கு?

டேங்க் மட்டும் நடுவில் நிற்கிறது. ஹோண்டா சிஆர்எஃப்300எல்-இல் 7.8 லிட்டர்தான். லிட்டருக்கு 30 கிலோமீட்டர் என்றால் 230 கிலோமீட்டரில் காலி. ஒரு லிட்டர் பெட்ரோல் சுமார் முக்கால் கிலோ, ஆகவே இன்னும் ஐந்து லிட்டர் சேர்த்தால் கூடுவது நான்கு கிலோவுக்கும் குறைவு. கார்புரேட்டர் காலத்தில் பெரிய டேங்க் வாங்கி, குழாயை மாட்டினால் வேலை முடிந்தது. பெட்ரோல் தானாக இறங்கும். இன்ஜெக்ஷன் பைக்கில் பெரும்பாலும் பம்ப் டேங்குக்குள்ளேயே இருக்கிறது. புது டேங்கின் அடிப்பகுதி அந்த பம்புக்குத் துல்லியமாகப் பொருந்தாவிட்டால் கசியும். அதே இன்ஜினோடு வரும் ராலி மாடலில் ஹோண்டாவே 12.8 லிட்டர் டேங்க் வைக்கிறது. கம்பெனியால் முடியும் என்பதற்கு அதுவே சாட்சி. எளிய மாடலுக்கும் அப்படி ஒரு டேங்கை, பம்ப் அப்படியே பொருந்தும்படி, உதிரிபாகமாக விற்கச் சொல்லுங்கள். வேண்டியவர் வாங்கிக்கொள்வார்; மற்றவர் சின்ன டேங்கோடு ஓட்டட்டும்.