நேசம் சரவணமுத்து

நேயர்களுக்கு வணக்கம். வன்னி முழுக்க இதைக் கேட்டுக்கொண்டிருக்கும் அக்காமார், தங்கச்சிமாருக்காகவே நேசம் சரவணமுத்துவின் கதையைச் சொல்ல வந்திருக்கிறேன். இலங்கையின் அன்றைய சட்டமன்றமான அரசாங்க சபைக்குத் தெரிவான முதல் தமிழ்ப் பெண் அவர்.

1931இல், வெள்ளைக்காரர் ஆட்சியில் வந்த டொனமூர் அரசியல் யாப்பு 21 வயது நிரம்பிய ஆண், பெண் எல்லோருக்கும் வாக்குரிமை கொடுத்தது. பெண்ணுக்கு 30 வயதாக வேண்டும் என்றுதான் அந்த யாப்பைப் பரிந்துரைத்த டொனமூர் ஆணைக்குழு முதலில் சொல்லியிருந்தது. தேர்தல் பகிஷ்கரிப்பால் யாழ்ப்பாணத்தின் 4 ஆசனங்களும் அரசாங்க சபையில் வெறுமையாகக் கிடந்த காலம் அது. அந்த நேரத்தில்தான், 1932 மே மாதம், கொழும்பு வடக்கில் நடந்த இடைத்தேர்தலில் நேசம் வென்றார்.

அந்த நாளில் வேட்பாளருக்குச் சின்னம் கிடையாது, நிறம்தான். திரைக்குப் பின்னால் நிறநிறமாகப் பெட்டிகள் இருக்கும். வாசிக்கத் தெரியாத ஒரு துறைமுகத் தொழிலாளியின் மனைவிகூட தனக்குப் பிடித்தவரின் நிறத்தைப் பார்த்துச் சீட்டைப் போட்டுவிட்டு வரலாம். கொழும்பு வடக்கு எல்லா இனத்தவரும் கலந்து வாழும் தொகுதி. ஒரு தமிழ்ப் பெண்ணுக்கு அங்கே கிடைத்த வெற்றி சின்ன விஷயமில்லை.

சரி, புருஷனின் ஆசனம்தானே என்று கேட்பீர்கள். உண்மைதான். கணவர் டொக்டர் இரத்தினஜோதி சரவணமுத்து 1931இல் வென்ற ஆசனம் தேர்தல் வழக்கில் பறிபோனது. அதற்குத்தான் இவர் போட்டியிட்டார். சபைக்குத் தெரிவான முதல் பெண் அடலின் மொலமுறே அம்மையாரும் தந்தை இறந்த பிறகு அவருடைய றுவான்வெல்ல தொகுதிக்கே வந்தார். ஆனால் 1936 பொதுத் தேர்தலைப் பாருங்கள். றுவான்வெல்ல சமசமாஜக் கட்சியின் என். எம். பெரேராவிடம் போனது, கொழும்பு வடக்கு நேசத்தை விடவில்லை. நாலு வருஷ வேலையைப் பார்த்த சனங்கள் மறுபடியும் போட்ட வாக்கு அது. அதைப் புருஷனின் கணக்கில் எழுதுவது அநியாயம். 1941இல் இறக்கும்வரை அவர் சபையில் இருந்தார்.

இதே பேச்சு இன்றைக்கும் நம் பொதுநோக்கு மண்டபங்களில் கேட்கிறது. 2018 உள்ளூராட்சித் தேர்தலில் பெண்களுக்கு 25 வீத ஒதுக்கீடு முதன்முறையாக நடைமுறைக்கு வந்தபோது, "பட்டியலை நிரப்பத்தானே கூப்பிடுகிறார்கள்" என்றார்கள். போரில் கணவனை இழந்து, வயலையும் பிள்ளைகளையும் தனியாகப் பார்த்து, மாதர் கிராம அபிவிருத்திச் சங்கத்தின் கணக்கையும் எழுதும் ஒருத்தியிடம் அப்படிச் சொல்ல எப்படி மனம் வருகிறது? குளத்து வாய்க்கால் எங்கே உடைந்திருக்கிறது, எந்தப் பாதையில் பஸ் வருவதில்லை என்று அவளிடம்தான் கேட்க வேண்டும்.

அக்காமாரே, அடுத்த பிரதேச சபைத் தேர்தலுக்கு உங்களிடம் பெயர் கேட்டு வருவார்கள். கொடுங்கள். எந்த வட்டாரம் என்பதையும் நீங்களே கேட்டு வாங்குங்கள். வணக்கம்.