கோரைக்குள் நிற்கும் செந்நாரையும் கேனான் ஆர்7-இன் ஆட்டோஃபோகஸும்

வணக்கம். பறவைப் படங்களுக்காக மிரர்லெஸ் கேமராவின் ஆட்டோஃபோகஸை எப்படி அமைத்துக்கொள்வது என்பதைத்தான் இன்று பேசப் போகிறேன். என் கையில் இருப்பது 2022-இல் வெளிவந்த கேனான் ஆர்7. அதில் மாட்டியிருப்பது 100 முதல் 500 மி.மீ. வரை ஜூம் ஆகும் ஆர்எஃப் 100-500 லென்ஸ். உங்களிடம் இருப்பது சோனியோ நிக்கானோ என்றால் காணொளியை மூடிவிட வேண்டாம். மெனுவில் பெயர்கள் மாறுமே தவிர, கேமரா தடுமாறும் இடங்கள் எல்லா நிறுவனத் தயாரிப்புகளிலும் ஏறக்குறைய ஒன்றேதான். உதாரணங்களுக்குச் சென்னையின் பள்ளிக்கரணைச் சதுப்பு நிலத்தை எடுத்துக்கொள்கிறேன். திறந்த நீர், அடர்ந்த கோரை, தலைக்கு மேல் பறக்கும் கூட்டம் என்று கேமராவுக்கு வேண்டிய எல்லாச் சோதனைகளும் அங்கே ஒரே இடத்தில் கிடைக்கின்றன.

முதலில், யோசிக்கத் தேவையில்லாத அமைப்புகளை வேகமாக முடித்துவிடுவோம். ஏஎஃப் (அதாவது ஆட்டோஃபோகஸ்) ஆபரேஷன் என்ற இடத்தில், பட்டனை அழுத்தியிருக்கும் வரை விடாமல் ஃபோகஸ் செய்யும் சர்வோவைத் தேர்ந்தெடுங்கள். பறவை அசையாமல் உட்கார்ந்திருந்தாலும் அதை மாற்ற வேண்டாம், ஏனென்றால் அது எந்த நொடியில் எழும்பும் என்பது நமக்குத் தெரியாது. ஃபோகஸ் கிடைத்ததும் எழும் ‘பீப்’ ஒலியையும், இருட்டில் ஃபோகஸுக்கு உதவும் விளக்கையும் அணைத்துவிடுங்கள். இரண்டும் பறவைக்குத் தொந்தரவு, நமக்கும் அவற்றால் பயன் இல்லை. பிரிவியூ ஏஎஃப் என்பதையும் அணையுங்கள், இல்லையென்றால் நாம் பட்டனைத் தொடாதபோதும் லென்ஸ் எதையாவது தேடிக்கொண்டே இருந்து பேட்டரியைத் தின்றுவிடும். லென்ஸின் பக்கவாட்டில் இருக்கும் தூர வரம்பு ஸ்விட்சை ‘3 மீட்டர் முதல் முடிவிலி வரை’ என்ற நிலையில் வையுங்கள்.

அடுத்தது, எதைக் கண்டுபிடிக்க வேண்டும் என்று கேமராவுக்குச் சொல்லும் இடம். ஆர்7-இல் பறவைக்கென்று தனித் தேர்வு கிடையாது. ‘விலங்குகள்’ என்பதைத் தேர்ந்தெடுத்தால் நாய், பூனை, பறவை ஆகிய மூன்றையும் அது தேடும். சோனி 2021-இல் வெளியிட்ட ஏ1-இலேயே பறவையின் கண்ணுக்கென்று தனித் தேர்வைக் கொடுத்துவிட்டது. நிக்கான் இசட்9-க்கு 2023-லும் இசட்8-க்கு 2024-லும் மென்பொருள் மேம்படுத்தல் வழியாக அதே வசதி வந்தது. எனவே இசட்8 வாங்கியதிலிருந்து மேம்படுத்தலே செய்யாமல் வைத்திருப்பவர்கள் முதலில் அதைச் செய்துவிட்டு இந்தக் காணொளிக்குத் திரும்பி வாருங்கள். ஆர்7-இல் விலங்குகளைத் தேர்ந்தெடுத்து, கண் கண்டறிதலையும் இயக்கிவிட்டால் இந்தப் பகுதி முடிந்தது.

பெரும்பாலானவர்கள் இந்த இடத்தோடு நிறுத்திவிடுகிறார்கள். மீதியைக் கேமரா பார்த்துக்கொள்ளும் என்ற நம்பிக்கைக்கும் காரணம் இருக்கிறது. திறந்த நீரில் நிற்கும் நெடுங்கால் உள்ளானையோ, வெறும் வானத்தில் மெதுவாக மிதந்து வரும் கூழைக்கடாவையோ படமெடுத்தால், கண்ணின் மேல் அந்தச் சிறிய நீலக் கட்டம் வந்து ஒட்டிக்கொள்கிறது. ஆனால் கேமராவை இரண்டு அடி திருப்பிக் கோரைக்குள் கழுத்தை நீட்டி நிற்கும் செந்நாரையைக் காட்டிப் பாருங்கள். பறவை நமக்குத் தெளிவாகத் தெரியும், கேமரா கோரைத் தண்டின் மேல் போய் நிற்கும்.

இது ஏன் நடக்கிறது என்று புரிந்துகொண்டால் மற்ற அமைப்புகள் எல்லாம் தாமாகவே விளங்கிவிடும். ஆர்7-இன் சென்சாரில் ஒவ்வொரு பிக்சலும் இடது, வலது என்று இரண்டாகப் பிரிக்கப்பட்டிருக்கிறது. இடப்பாதியும் வலப்பாதியும் பார்க்கும் பிம்பங்கள் ஒன்றுக்கொன்று எவ்வளவு விலகியிருக்கின்றன என்பதை அளந்துதான் லென்ஸ் எந்தப் பக்கம் எவ்வளவு நகர வேண்டும் என்று கேமரா கணக்கிடுகிறது. பிரிப்பு இடவலமாக இருப்பதால், நின்ற வாக்கில் இருக்கும் கோடுகளில் இந்த விலகல் மிகத் தெளிவாகத் தெரியும். படுத்த வாக்கில் இருக்கும் கோடுகளில் அவ்வளவாகத் தெரியாது. இப்போது கோரையை நினைத்துப் பாருங்கள். வெளிச்சமும் நிழலுமாக, வரிசை வரிசையாக, நூல் பிடித்தாற்போல் நின்ற வாக்கில் கோடுகள். ஃபோகஸ் அமைப்புக்கு இதைவிடப் பிடித்தமான பொருள் வேறு எதுவும் இருக்க முடியாது. செந்நாரையின் கழுத்திலும் நெடுக்குக் கோடுகள் உண்டு என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். கோரைக்குள் ஒளிந்துகொள்வதற்காகவே அந்தக் கோடுகள் அமைந்திருக்கின்றன என்றால், பறவையை அடையாளம் காணும் மென்பொருள் திணறுவதில் வியப்பில்லை. (கேனான் 2024-இல் கொண்டுவந்த ஆர்1-இல் இரு திசைக் கோடுகளையும் பார்க்கும் அமைப்பு வந்துவிட்டது, அதன் விலையைப் பற்றி இங்கே பேசி யார் மனதையும் நோகடிக்க விரும்பவில்லை.)

இதிலிருந்து நான் வந்து சேர்ந்திருக்கும் முடிவு இதுதான்: எல்லா இடத்துக்கும் பொருந்தும் ஒரே அமைப்பைத் தேடுவது வீண் வேலை. பறவையைக் கேமரா கண்டுபிடிக்க வேண்டிய நேரத்துக்கு ஒரு பட்டனும், எங்கே பார்க்க வேண்டும் என்று நாம் சொல்ல வேண்டிய நேரத்துக்கு இன்னொரு பட்டனும் கட்டை விரலுக்கு எட்டும் தூரத்தில் இருக்க வேண்டும். வேலையை ஒரு பட்டனிலிருந்து மறு பட்டனுக்கு மாற்ற அரை நொடி போதும்; மெனுவுக்குள் போய் மாற்றிவிட்டு வருவதற்குள் செந்நாரை அடுத்த குட்டைக்குப் போயிருக்கும்.

இதைச் செய்யும் முறையைத் திரையில் காட்டுகிறேன். பட்டன்களை மாற்றியமைக்கும் மெனுவுக்குள் சென்று, ஷட்டர் பட்டனைப் பாதி அழுத்தினால் ஒளி அளவீடு மட்டும் நடக்க வேண்டும், ஃபோகஸ் நடக்கக் கூடாது என்று முதலில் மாற்றிவிடுங்கள். இனி ஃபோகஸ் முழுவதும் கட்டை விரலின் பொறுப்பு. பிறகு பின்புறம் இருக்கும் ஏஎஃப்-ஆன் பட்டனுக்கு ஃபோகஸைத் தொடங்கும் வேலையைக் கொடுத்து, கேமரா ஃபோகஸ் தேடும் பரப்பான ஏஎஃப் ஏரியாவை ஸ்பாட் ஏஎஃப் (மிகச் சிறிய புள்ளி) அல்லது ஒற்றைப் புள்ளி என்று வைத்துக்கொள்ளுங்கள். அதற்கு வலப்பக்கத்தில் நட்சத்திரக் குறியிட்ட பட்டன் இருக்கிறதல்லவா, அதற்குக் கண் கண்டறியும் ஏஎஃப் வேலையைக் கொடுங்கள். இதோடு, முழுப்பரப்புக் கண்காணிப்பு என்ற தேர்வை அணைத்துவிட வேண்டும். அது இயங்கிக்கொண்டிருந்தால் ஸ்பாட் பட்டனும் பறவையைத் துரத்திக்கொண்டு திரை முழுவதும் அலையும், இரண்டு பட்டன் வைத்துக்கொண்டதன் நோக்கமே போய்விடும்.

நிக்கான் வைத்திருப்பவர்கள் ஏதாவது ஒரு பட்டனுக்கு ‘ஏஎஃப் ஏரியா மோட் + ஏஎஃப்-ஆன்’ என்ற வேலையைக் கொடுத்து இதையே செய்யலாம். சோனியில் பதிவுசெய்துவைத்த ஃபோகஸ் பகுதியை அழைக்கும் வேலையை ஒரு பட்டனுக்கு ஒதுக்க முடியும்.

களத்தில் இது எப்படி நடக்கிறது என்று பாருங்கள். கோரைக்குள் செந்நாரை. ஜாய்ஸ்டிக்கை நகர்த்திப் புள்ளியைப் பறவையின் தலைக்குக் கொண்டுவருகிறேன். ஆர்7-இல் ஜாய்ஸ்டிக்கைச் சுற்றியே சக்கரமும் இருப்பதால் தொடக்கத்தில் விரல் தடுமாறும், பழகிவிடும். ஏஎஃப்-ஆன் பட்டனை அழுத்துகிறேன். கோரை மங்கி, கழுத்து தெளிவாகிறது. இப்போது விரலைப் பக்கத்துப் பட்டனுக்கு நகர்த்துகிறேன். உடனே கண்ணின் மேல் கட்டம் வந்துவிட்டது. இரண்டாவது பட்டனை நேரடியாக அழுத்தியிருந்தால் இது நடந்திருக்காது. பறவை ஃபோகஸுக்கு வெகு தொலைவில் இருக்கும்போது அது சென்சாரில் ஒரு மங்கலான பழுப்புத் திட்டாகத்தான் விழுகிறது. திட்டைப் பார்த்து அது பறவை என்று மென்பொருளால் சொல்ல முடியாது. உருவம் ஓரளவு தெளிந்த பிறகுதான் கண்டறிதல் வேலையைத் தொடங்கும். வானத்தில் பறக்கும் பறவைக்கும் இதே நியாயம் பொருந்தும். முதலில் ஏறக்குறைய அதே தூரத்தில் இருக்கும் கரையிலோ மின்கம்பத்திலோ ஃபோகஸ் செய்துவிட்டுக் கேமராவை வானத்துக்கு உயர்த்துங்கள். வெறும் நீலத்தில் லென்ஸ் முன்னும் பின்னும் ஓடித் தேடும் நேரம் மிச்சமாகும்.

கண்ணில் ஏன் இவ்வளவு கவனம் என்று கேட்பவர்களுக்கு ஒரு கணக்கு சொல்கிறேன். 500 மி.மீ. நீளத்தில், எஃப் 7.1 திறப்பில், 15 மீட்டர் தூரத்தில் ஃபோகஸ் செய்தால், தெளிவாகத் தெரியும் ஆழம் இந்த அளவு சென்சாருக்கு ஏறத்தாழ 24 செ.மீ. மட்டுமே. 8 மீட்டருக்கு வந்துவிட்டால் அது 7 செ.மீ. ஆகச் சுருங்கிவிடும். கூழைக்கடாவின் அலகோ ஏறக்குறைய ஒரு அடி நீளம். அது நேராக உங்களைப் பார்த்துத் திரும்பியிருக்கும்போது புள்ளி அலகின் நுனியில் விழுந்தால், கண் தெளிவாக வர வழியே இல்லை. பக்கவாட்டில் நிற்கும் பறவைக்கு இந்தக் கவலை பாதியாகக் குறையும்.

அடுத்து வருவது சர்வோ ஏஎஃப் கேஸ்கள், அதாவது பறவையை எப்படித் தொடர வேண்டும் என்பதற்குக் கேமராவில் தயாராக இருக்கும் தொகுப்புகள். இங்கேதான் தவறான புரிதல் அதிகம் என்பதால் சற்று நிதானமாகச் சொல்கிறேன். டிராக்கிங் சென்சிட்டிவிட்டி என்ற அளவு, லென்ஸ் எவ்வளவு வேகமாக ஃபோகஸ் செய்யும் என்பதைக் குறிப்பதில்லை. பிடித்துவைத்த பறவைக்கும் லென்ஸுக்கும் நடுவே வேறு ஏதாவது குறுக்கிட்டால், அல்லது பறவை புள்ளியிலிருந்து நழுவிவிட்டால், கேமரா எவ்வளவு நேரம் பொறுத்திருந்துவிட்டு அடுத்ததற்குத் தாவும் என்பதைத்தான் அது குறிக்கிறது. பறப்பதைப் பிடிக்க வேண்டுமென்றால் அதிக உணர்திறன் வேண்டும் என்று எண்ணிப் பலர் +2-இல் வைத்துக்கொள்கிறார்கள். பிறகு மீசை ஆலா ஒன்று கோரை வரிசைக்குப் பின்னால் கடக்கும் ஒவ்வொரு முறையும் கோரைக்கே ஃபோகஸ் தாவிவிடுகிறது என்று வருந்துகிறார்கள். கோரையும் மரக்கிளையும் உள்ள இடங்களில் நான் கேஸ் 2-ஐத் தேர்ந்தெடுக்கிறேன். தடைகளைப் பொருட்படுத்தாமல் பிடித்ததையே பிடித்திருப்பதற்காக அமைந்தது அது. திறந்த வானம் என்றால் கேமராவே முடிவெடுக்கும் ‘ஏ’ என்ற தேர்வு போதும். சட்டென்று திசையும் வேகமும் மாறும் தகைவிலான் போன்ற பறவைகளுக்குக் கேஸ் 4-ஐ முயலலாம், ஆனால் தகைவிலானை நிரப்பமாகப் படமெடுப்பதில் கேஸை விட அதிர்ஷ்டத்துக்குத்தான் பங்கு அதிகம் என்பது என் அபிப்பிராயம்.

ஒரு நண்பரின் சோனி அமைப்பை அப்படியே நிக்கானில் பதிய வைத்துக்கொள்பவர்களுக்கு ஓர் எச்சரிக்கை. இந்த டிராக்கிங் சென்சிட்டிவிட்டி அளவு சோனியில் 1 என்றால் பிடித்ததை விடாதே என்று பொருள், 5 என்றால் உடனே தாவு என்று பொருள். நிக்கானில் இதே வேலையைச் செய்யும் தேர்வில் எண்கள் தலைகீழ். 1 தான் உடனே தாவும், 5 தான் பொறுத்திருக்கும்.

கூட்டமாகப் பறக்கும் பறவைகளுக்கு இன்னொரு தேர்வையும் கவனியுங்கள். கண்காணிக்கும் பொருளை மாற்றுவது என்ற பெயரில் 0, 1, 2 என்று மூன்று நிலைகள் இருக்கும். பூநாரைக் கூட்டம் எழும்பும்போது முதலில் பிடித்த பறவையையே தொடர வேண்டும் என்றால் 0-இல் வையுங்கள். இல்லையென்றால் கட்டம் ஒரு தலையிலிருந்து இன்னொரு தலைக்குத் தாவி, எந்தத் தலையும் முழுத் தெளிவாகக் கிடைக்காமல் போகும். பறக்கும்போது ஃபோகஸ் பின்னணிக்குப் போய்விட்டால் பட்டனை அழுத்திப் பிடித்துக்கொண்டே மீண்டு வரும் என்று காத்திருக்காதீர்கள். விரலை எடுத்துவிட்டு மறுபடி அழுத்துங்கள். லென்ஸை 500-இலேயே வைத்துக்கொண்டு வானத்தில் பறவையைத் தேடுவதும் வேண்டாம். 250 அளவுக்குப் பின்வாங்கி, பறவையைச் சட்டகத்துக்குள் கொண்டுவந்து, கட்டம் ஒட்டிய பிறகு நெருங்குங்கள்.

ஷட்டரைப் பற்றி ஒரே ஒரு செய்தி. எலக்ட்ரானிக் ஷட்டரில் ஆர்7 நொடிக்கு 30 படங்கள் எடுக்கும், மெக்கானிக்கலில் 15. எண்ணைப் பார்த்து மயங்க வேண்டாம். எலக்ட்ரானிக் ஷட்டரில் இந்தச் சென்சார் படத்தை மேலிருந்து கீழாகப் படித்து முடிப்பதற்குள் சிறகு நகர்ந்துவிடுவதால், வேகமாக அடிக்கும் சிறகுகள் வளைந்து நெளிந்து பதிவாகும். பறப்பதற்கு மெக்கானிக்கல், அமர்ந்திருப்பதற்கு ஓசையில்லாத எலக்ட்ரானிக் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஷட்டர் வேகம் பறப்பதற்கு 1/2000 நொடிக்குக் குறையாமல் இருக்கட்டும். சிறகடிப்பின் மங்கலை ஃபோகஸ் பிழை என்று நினைத்து மெனுவைக் குடைந்துகொண்டிருக்க வேண்டியதில்லை.

அதேபோல், வெயில் ஏறிய பிறகு சாலையோரத்திலிருந்து தொலைவில் நிற்கும் பறவையை எடுத்தால், நடுவே அலையும் கானல் படத்தைக் கரைத்துவிடும். எந்தக் கேஸும் எந்தப் பட்டனும் அதற்கு மருந்தாகாது. காலையில் சீக்கிரம் போவதும், பறவை அருகில் வரும்வரை காத்திருப்பதும்தான் வழி.

இவற்றையெல்லாம் அமைத்து முடித்ததும் பறப்பதற்கான தொகுப்பை மோட் டயலில் உள்ள சி1-லும், அமர்ந்திருப்பதற்கான தொகுப்பை சி2-லும் பதிவு செய்துவிடுங்கள். பதிவு செய்யும் அதே மெனுவில் தானாகப் புதுப்பித்தல் என்றொரு தேர்வு இருக்கும். அது முடக்கத்தில் இருக்கிறதா என்று பாருங்கள். அப்படி இருந்தால்தான் களத்தில் அவசரத்தில் எதை மாற்றினாலும், கேமராவை அணைத்து மறுபடி இயக்கும்போது நீங்கள் பதிந்துவைத்த நிலைக்கே அது திரும்பும். சந்தேகம் கேட்பவர்கள் கேமராவின் பெயரோடு லென்ஸின் பெயரையும் சேர்த்து எழுதுங்கள். தூர வரம்பு ஸ்விட்ச் இல்லாத ஆர்எஃப் 100-400 போன்ற லென்ஸ்களுக்கு நான் சொல்லும் பதில் கொஞ்சம் மாறும்.