நீதிபதி கையெழுத்துப் போட்ட மைக்

நேயர்களுக்கு வணக்கம். ஒட்டுக்கேட்பு என்று சொன்னால் பலருக்கும் கருவிதான் நினைவுக்கு வரும். சட்டைப் பொத்தான் அளவில் மைக், பேனாவுக்குள் ஒலிப்பதிவு, இப்படி. அமெரிக்க மாஃபியா மீது நடந்த வழக்குகளைப் படித்துவரும் எனக்கு முதலில் நினைவுக்கு வருவது ஒரு காகிதம்தான். நீதிபதி கையெழுத்துப் போட்ட உத்தரவு. அது இல்லாமல் என்ன ஆயிற்று, அது வந்த பிறகு என்ன ஆயிற்று என்பதுதான் இன்றைய பேச்சு.

1959. சிகாகோவின் மிச்சிகன் அவென்யூவில் ஒரு தையல் கடை. ஒரு காலத்தில் அல் கபோன் நடத்திய கும்பலின் பெரிய தலைகள் அங்கேதான் கூடுவார்கள். கடை பூட்டியிருந்த நேரத்தில் எஃப்.பி.ஐ. ஆட்கள் உள்ளே புகுந்து ஒரு மைக்கை ஒளித்துவைத்தார்கள். அதற்கு 'லிட்டில் அல்' என்று செல்லப் பெயர் வேறு. வருடக்கணக்கில் கேட்டார்கள். கும்பலின் உள்விவகாரமெல்லாம் தெரிந்தது. ஆனால் எந்த நீதிபதியிடமும் அனுமதி வாங்கியிருக்கவில்லை. அதனால் கேட்டதில் ஒரு வரியைக்கூடச் சாட்சியமாக வைக்க வழியில்லை. 1965இல் அதிபர் ஜான்சன் இப்படிப்பட்ட மைக்குகளை எடுத்துவிடச் சொன்னார். எடுத்துவிட்டார்கள்.

அப்புறம் 1967இல் உச்ச நீதிமன்றத்தில் காட்ஸ் வழக்கு வந்தது. லாஸ் ஏஞ்சலிஸில் ஒருவர் பொதுத் தொலைபேசிக் கூண்டுக்குள் நின்று சூதாட்டப் பந்தயம் கட்டினார். மைக் கூண்டுக்கு வெளியேதான் இருந்தது, உள்ளே யாரும் நுழையவில்லை என்றது அரசுத் தரப்பு. கூண்டுக் கதவைச் சாத்திக்கொண்டு பேசுகிறவர் தன் பேச்சு தன்னோடு இருக்கும் என்று நம்புகிறார், அந்த நம்பிக்கைக்குச் சட்டப் பாதுகாப்பு உண்டு என்றது நீதிமன்றம். மறு வருடமே, 1968இல், நாடாளுமன்றம் சட்டம் கொண்டுவந்தது. உத்தரவு 30 நாளைக்குத்தான் செல்லும். வேறு வழிகளில் முயன்று பார்த்தோம், பலிக்கவில்லை, அல்லது பலிக்காது என்று நீதிபதியிடம் காட்ட வேண்டும். எல்லாம் முடிந்த பிறகு, சம்பந்தப்பட்டவருக்கே உங்கள் பேச்சைக் கேட்டோம் என்று அறிவிக்க வேண்டும்.

எனக்கு மிகவும் பிடித்த நிபந்தனை இன்னொன்று. வழக்குக்குச் சம்பந்தமில்லாத பேச்சைக் கேட்கக் கூடாது. ஹெட்போன் மாட்டி உட்கார்ந்திருக்கும் அதிகாரியைக் கொஞ்சம் நினைத்துப் பாருங்கள். மறுமுனையில் கும்பல்காரர் மகளின் கல்யாணச் செலவைப் பற்றிப் பேச ஆரம்பிக்கிறார். அதிகாரி பதிவை நிறுத்த வேண்டும். சிறிது நேரம் கழித்து, குற்றப் பேச்சு திரும்பிவிட்டதா என்று ஒரு நொடி எட்டிப் பார்க்கலாம். இன்னும் கல்யாணம்தான் என்றால் மறுபடி நிறுத்த வேண்டும். இரவு பூராவும் இதே வேலை. எதிர்த்தரப்பு வக்கீல் ஒருநாள் இதையெல்லாம் கிளறுவார் என்பது அவருக்குத் தெரியும்.

இந்தச் சட்டம் பலன் தர வருடங்கள் பிடித்தன. 1980களில் நியூயார்க்கில் அது தெரிந்தது. அங்கே மாஃபியாக் கும்பல்களைக் 'குடும்பம்' என்பார்கள். லுக்கேசி குடும்பத்தின் தலைவர் டோனி கொராலோ மகா எச்சரிக்கைக்காரர். அவர் மனம்விட்டுப் பேசிய ஒரே இடம், ஓட்டிவரும் கூட்டாளியின் ஜாகுவார் கார். 1983இல் மாநிலப் புலனாய்வாளர்கள் அந்தக் காருக்குள்ளேயே மைக் வைத்தார்கள். அந்தக் காலத்துக் கருவி, அலைவரிசை வெகுதூரம் எட்டாது. அதனால் ஜாகுவார் போகிற இடமெல்லாம் பின்னாலேயே வண்டியில் போய்ப் பதிவு செய்தார்கள். மாஃபியாவுக்கு 'கமிஷன்' என்று ஒரு தலைமைக் குழு இருப்பதைக் கொராலோவின் வாயாலேயே ஜூரி கேட்டது. 1987 ஜனவரியில் அவருக்கு 100 வருடச் சிறை.

சரி, ஜான் கோட்டிக்கு வருவோம். காம்பினோ குடும்பத்தின் தலைமைக்கு அவர் வந்த கதையிலேயே ஒரு டேப் இருக்கிறது. அவருடைய நெருங்கிய நண்பர் ஏஞ்சலோ ருஜியரோ ஓயாமல் பேசுகிறவர். அவர் வீட்டில் எஃப்.பி.ஐ. வைத்த மைக்கில் ஹெராயின் வியாபாரம் பதிவானது. போதைப்பொருள் பக்கமே போகக் கூடாது என்பது குடும்பத் தலைவர் பால் காஸ்டெல்லானோ போட்ட விதி. வழக்கு வந்ததும் டேப்புகளின் எழுத்துப்படி ருஜியரோவின் கைக்கு வந்தது. அதைக் கொண்டுவா என்றார் தலைவர். கொடுத்தால் உயிர் தப்பாது என்று ருஜியரோவுக்கும் கோட்டிக்கும் தெரியும். 1985 டிசம்பர் 16 அன்று மன்ஹாட்டனில் ஒரு உணவகத்தின் வாசலில் காஸ்டெல்லானோ சுட்டுக் கொல்லப்பட்டார். அவர் இடத்துக்குக் கோட்டி வந்தார். கொலைக்குக் காரணம் அது ஒன்றுதான் என்று சொல்ல மாட்டேன். ஆனால் ஆட்டத்தைத் துரிதப்படுத்தியது அந்த டேப்.

கோட்டி மேல் போட்ட வழக்கெல்லாம் நழுவியது. 1987இல் விடுதலை, அதில் ஒரு ஜூரர் லஞ்சம் வாங்கியது பிற்பாடு தெரியவந்தது. 1990 பிப்ரவரியில் மறுபடி விடுதலை. டெஃப்ளான் பூசிய தோசைக்கல் மாதிரி எந்தக் குற்றச்சாட்டும் ஒட்டவில்லை என்று பத்திரிகைகள் அவரை 'டெஃப்ளான் டான்' என்றன. பகலில் பக்கம் பார்த்துப் பேசு, இரவில் அதுவும் பேசாதே என்பார்கள் நம் ஊரில். கோட்டிக்கும் அது தெரிந்துதான் இருந்தது. மல்பெரி தெருவில் ராவெனைட் என்ற கிளப்தான் அவருடைய தர்பார். அங்கே முக்கியமான பேச்சு எதையும் பேச மாட்டார். தெருவில் நடந்துகொண்டே பேசுவார். இல்லையென்றால் பின்பக்க நடைக்கூடத்துக்குப் போய்விடுவார்.

ஆனால் தளபதிகள் எல்லாரும் கிளப்புக்கு நேரில் வந்து தலைகாட்ட வேண்டும் என்று கட்டளை போட்டிருந்தார். யார் யார் அவருடைய ஆட்கள் என்பதை எஃப்.பி.ஐ. தெருவில் கேமராவை வைத்தே எடுத்துக்கொண்டது. இவ்வளவு புத்திசாலி இந்தக் கட்டளையை ஏன் போட்டார் என்பது எனக்கு இன்னும் விளங்காத விஷயம். கர்வமாகத்தான் இருக்க வேண்டும்.

கிளப்பில் வைத்த மைக்கில் பெரும்பாலும் இரைச்சல்தான் கேட்டது. பிறகுதான் விஷயம் தெரிந்தது. கிளப்பை முன்பு கவனித்துவந்தவரின் வயதான மனைவி அதே கட்டிடத்தில் மேலே ஒரு வீட்டில் இருந்தார். மிக ரகசியமான பேச்சு என்றால் கோட்டி அந்த வீட்டுக்குப் போய்விடுவார். 1989 நவம்பரில் பண்டிகைக்கு அந்த அம்மா ஊருக்குப் போன சமயம் பார்த்து, நீதிமன்ற அனுமதியோடு, வீட்டுக்குள் மைக் வைத்தார்கள். அங்கே பதிவானது ஒரு சில பேச்சுகள்தான். அவையே போதுமாக இருந்தன.

1989 டிசம்பர் 12 அன்று அந்த வீட்டில் கோட்டி, ஏற்கெனவே நடந்த கொலைகளைப் பற்றியும் நடக்கப்போகும் ஒரு கொலையைப் பற்றியும் பேசினார். லூயி டிபோனோ என்பவர் சாக வேண்டும், ஏனென்றால் கூப்பிட்டபோது வரவில்லை, வேறு தப்பு எதுவும் செய்யவில்லை என்றார். அடுத்த அக்டோபரில் டிபோனோவின் உடல் உலக வர்த்தக மையத்தின் கார் நிறுத்துமிடத்தில் கிடந்தது. அந்தப் பேச்சு பத்து மாதமாக டேப்பில் இருந்தது. ஒட்டுக்கேட்பைப் பெருமையாகப் பேசுகிறவர்கள் இந்த இடத்தை வேகமாகத் தாண்டிப் போய்விடுகிறார்கள்.

அதே பேச்சில் இன்னொன்றும் இருந்தது. தன் வலதுகையான சாமி கிரவானோவைக் கோட்டி வாரியிருந்தார். பேராசைக்காரன், கொலைகளுக்கெல்லாம் அவன்தான் தூண்டுகோல் என்கிற தோரணை. 1990 டிசம்பரில் எல்லாரும் கைதான பிறகு, ஜாமீன் விசாரணையில் அந்த டேப் ஓடியது. கிரவானோ உட்கார்ந்து கேட்டார். அடுத்த நவம்பரில் அப்ரூவராக மாறினார். 19 கொலைகளில் பங்குண்டு என்று ஒப்புக்கொண்ட அவருக்குக் கிடைத்தது 5 வருடச் சிறை. கோட்டிக்கு 1992இல் ஆயுள் தண்டனை. 2002இல் சிறைவாசத்திலேயே இறந்தார்.

டேப் வக்கீல்களையும் விடவில்லை. கோட்டியின் வக்கீல் புரூஸ் கட்லரின் குரலும் ராவெனைட் பதிவுகளில் இருந்ததால், நீதிபதி அவரை வழக்கிலிருந்து விலக்கினார். விருப்பமான வக்கீலை இப்படி ஒருவர் இழப்பது சரியா என்று கேட்டால், நான் இரண்டு மனதாகத்தான் இருக்கிறேன்.

இப்போது மைக் வைக்க வீடு புகத் தேவையில்லை. கும்பல்காரர்கள் காசு கொடுத்து வாங்கிய 'ஆனம்' என்ற ரகசியப் போனை நடத்தியதே எஃப்.பி.ஐ.தான். கால்குலேட்டருக்குப் பின்னால் ஒளிந்திருந்த செயலி அது. சுமார் 12,000 போன்கள், 100க்கு மேற்பட்ட நாடுகள், 2 கோடியே 70 லட்சம் செய்திகள். 2021 ஜூனில் வலையை இழுத்தபோது 800க்கு மேற்பட்டவர்கள் சிக்கினார்கள். அதிலும் நீதிமன்ற அனுமதி என்ற பழைய சங்கடம் விடவில்லை. அமெரிக்காவுக்குள்ளிருந்து போன செய்திகளை எஃப்.பி.ஐ. படிக்காமல் ஒதுக்கி வைத்தது. மற்றவை வேறொரு நாட்டின் சர்வரில் சேர்ந்து, அந்நாட்டு நீதிமன்ற உத்தரவின் பேரில் அவர்களுக்கு வந்தன.

நன்றி, வணக்கம்.