கணக்குப் படித்தவர்களுக்கு நம் பக்கத்தில் என்ன வேலை?

வணக்கம் நேயர்களே. பி.எஸ்சி. கணிதமோ புள்ளியியலோ முடித்த பிள்ளை வீட்டில் இருந்தால் "அடுத்து பி.எட்.தானே?" என்று கேட்காத உறவினர் உண்டா? வாத்தியார் வேலை நல்ல வேலைதான், நானும் அதில்தான் காலம் தள்ளினேன். ஆனால் அது ஒன்றுதான் வழி என்று எல்லாரும் முடிவு கட்டிவிடுவதுதான் எனக்குப் பொறுக்கவில்லை.

புள்ளியியலில் இருந்து ஆரம்பிக்கிறேன், ஏனென்றால் அந்த வேலை உங்கள் வரப்பு வரைக்கும் வருகிறது. டெல்டாவில் கேட்டுக்கொண்டிருப்பவர்களுக்குத் தெரியும், அறுவடை நேரத்தில் பயிர் அறுவடைப் பரிசோதனை என்று ஆட்கள் வருவார்கள். "ஐயா, இந்த மூலையில் நல்ல விளைச்சல், இங்கே அறுங்க" என்றாலும் சரி, இழப்பீடு கிடைக்கட்டுமே என்று "அந்தப் பள்ளத்தில் அறுங்க" என்றாலும் சரி, அவர்கள் கேட்கக்கூடாது. எந்த வயல், வயலில் எந்த இடம் என்பதை ரேண்டம் எண்தான், அதாவது குலுக்கல் போல யார் விருப்பமும் கலக்காமல் வரும் எண்தான், தீர்மானிக்க வேண்டும். அங்கே 5 மீட்டருக்கு 5 மீட்டர் அளந்து கயிறு கட்டி, அறுத்து, அடித்து, எடை போடுவார்கள். அது 25 சதுர மீட்டர், ஒரு ஹெக்டேர் அதைப்போல 400 மடங்கு. அப்படியானால் தராசில் ஒரு கிலோ பிசகினால் ஹெக்டேருக்கு 400 கிலோ பிசகுகிறது! இதை வகுப்பில் சொல்லும்போதெல்லாம் கடைசி பெஞ்சுகூட நிமிர்ந்து உட்காரும்.

சரி, அந்த எடை எங்கே போகிறது? 2016இல் வந்த பிரதமர் பயிர்க் காப்பீட்டுத் திட்டத்தில், விளைச்சல் இழப்பை உங்கள் ஒரு வயலை வைத்துப் பார்ப்பதில்லை, இப்படி எடை போட்டுக் கிடைத்த ஊர் சராசரியை வைத்துத்தான் பார்க்கிறார்கள். கடந்த 7 வருஷத்தில் நன்றாக விளைந்த 5 வருஷத்தின் சராசரியை எடுத்து, அதில் ஒரு பங்கை வரம்பாக வைத்து, இந்த வருஷம் ஊர் அதற்குக் கீழே போனதா என்று பார்ப்பார்கள். "என் வயல் விளையவே இல்லை, எனக்கு இழப்பீடு வரலையே" என்ற கோபத்துக்குக் காரணம் பல நேரம் இதுதான்.

சம்பா நெல்லுக்கு நீங்கள் கட்டுவது காப்பீட்டுத் தொகையில் 1.5 சதவீதம். உண்மையான பிரீமியம் அதற்கு மேலே, மிச்சத்தை மத்திய, மாநில அரசுகள் கட்டுகின்றன. அந்த உண்மையான பிரீமியத்தைக் கணக்குப் போடுகிறவர்தான் ஆக்சுவரி.

இங்கே ஒளிக்காமல் ஒன்று சொல்லிவிட வேண்டும். புள்ளியியல் அலுவலகம் மாவட்டம்தோறும் இருக்கிறது, டி.என்.பி.எஸ்.சி. எழுதிப் போகலாம், மத்திய அரசில் இந்தியப் புள்ளியியல் பணிக்கு யு.பி.எஸ்.சி. தனித் தேர்வு நடத்துகிறது. ஆக்சுவரி வேலை அப்படியில்லை, தஞ்சாவூரில் தேடினால் கிடைக்காது. மும்பைதான் முதலிடம். சென்னையிலும் யுனைடெட் இந்தியா, ஸ்டார் ஹெல்த், ராயல் சுந்தரம், சோழமண்டலம் எம்.எஸ். எல்லாவற்றுக்கும் தலைமை அலுவலகம் இருக்கிறது, அதனால் ஊரை விட்டு ரொம்ப தூரம் போக மனமில்லாதவர்கள் முதலில் அங்கே விசாரிக்கலாம். ஆக்சுவரி ஆக நுழைவுத் தேர்வுக்குப் பிறகு பத்துக்கும் மேலே தாள்கள், எல்லாம் ஆங்கிலத்தில், வேலை பார்த்துக்கொண்டே வருஷக்கணக்கில் எழுத வேண்டும். முதல் சில தாள்களிலேயே வேலை கிடைக்கலாம் என்பதால் பெற்றோர் கொஞ்சம் பொறுமையாக இருங்கள்.

கணிதத்திலேயே ஆராய்ச்சி செய்ய ஆசைப்படும் பிள்ளைகளுக்கென்று நிறைய வைத்திருந்தேன், நேரம் முடிந்தது என்று கண்ணாடிக்கு அந்தப்பக்கம் கை காட்டுகிறார்கள். சிறுசேரியில் சென்னைக் கணிதவியல் கழகம், தரமணியில் கணித அறிவியல் நிறுவனம், இரண்டு பெயரையும் எழுதி வைத்துக்கொள்ளுங்கள். சிறுசேரியில் பி.எஸ்சி.யும் உண்டு, அதற்குத் தனி நுழைவுத் தேர்வு, பிளஸ் டூ படிக்கும்போதே விண்ணப்பிக்க வேண்டும். நன்றி, வணக்கம்.