வெண்ணெய் வாசனை பழத்தில் இல்லை

வணக்கம். ஷார்டனே என்ற திராட்சையில் செய்த வெள்ளை ஒயின் பிடிக்காது என்று யாராவது சொன்னால் ஏன் என்று கேட்காமல் விடமாட்டேன். பெரும்பாலும் ஒரே பதில்தான்: "ஒரே வெண்ணெய், வெனிலா வாசனை." இன்றைக்கு இந்தத் திராட்சைக்கு வக்காலத்து வாங்கத்தான் வந்திருக்கிறேன். அந்த வெண்ணெயும் வெனிலாவும் பழத்தில் இல்லை.

பச்சை ஆப்பிளைக் கடித்தால் பல் கூசும் இல்லையா, அது மாலிக் அமிலம், திராட்சையிலும் உண்டு. சாறு நொதித்து ஒயின் ஆனதும் ஒருவகை பாக்டீரியா அதை லாக்டிக் அமிலமாக மாற்றிவிடும், அதாவது பால் புளித்தால் வருமே, அந்த மெல்லிய புளிப்பு. இந்த வேலை நடக்கும்போது டைஅசிட்டைல் என்ற பொருளும் கொஞ்சம் உண்டாகிறது. வெண்ணெய்க்கு அந்த மணத்தைத் தருவதும் அதேதான். வெனிலா? அது உட்புறம் நெருப்பில் வாட்டிய புது ஓக் பீப்பாய் தருவது. ஆக இரண்டும் ஒயின் செய்கிறவர் எடுக்கிற முடிவு, பழத்தின் மேல் பழி போடாதீர்கள். பிரான்சின் ஷாப்லியில் பலர் எஃகுத் தொட்டியிலேயே வைத்து முடிக்கிறார்கள். வாயில் வைத்தால் எலுமிச்சை மாதிரி சுள்ளென்று இருக்கும். அதுவும் முழுக்க ஷார்டனேதான்! லேபிளில் ஊர்ப் பெயர் மட்டும் இருப்பதால், ஷார்டனே ஆகாது என்பவர்களே அதை ரசித்துக் குடிக்கிறார்கள்.

அப்புறம் இதன் பிறப்பு. இதைச் சொல்லாமல் என்னால் இருக்க முடியாது. பிரான்சின் பர்கண்டி பகுதியில் ஷார்டனே என்ற பெயரிலேயே ஒரு கிராமம் இருக்கிறது. ஆனால் தாய் தகப்பன் யார் என்பது வெகுகாலம் தெரியாமலே இருந்தது. 1999இல் கலிபோர்னியாவின் டேவிஸ் பல்கலைக்கழகத்தார் டிஎன்ஏ சோதனை முடிவை வெளியிட்டார்கள்: ஒரு பக்கம் ஊரே கொண்டாடும் கறுப்புத் திராட்சை பினோ நுவா, இன்னொரு பக்கம் குவே பிளாங்க். யார் இந்த குவே பிளாங்க்? ஏழைக் குடியானவர்கள் நட்ட, நிறைய காய்க்கும், ஆனால் யாரும் மதிக்காத ரகம். பெரிய இடத்துச் சம்பந்தம் என்று நினைத்திருந்தவர்களுக்கு முகம் எப்படிப் போயிருக்கும்! இதே ஜோடிக்குப் பிறந்ததுதான் கமே என்ற சிவப்பு ஒயின் திராட்சையும்.

சரி, நேரம் முடிந்தது என்று ஸ்டுடியோக் கண்ணாடிக்கு அந்தப் பக்கமிருந்து கையசைக்கிறார்கள். ஷாம்பேனுக்குத் தனியாக நேரம் வைத்திருந்தேன், போச்சு. லேபிளில் பிளாங்க் டி பிளாங்க் என்றிருந்தால் உள்ளே பெரும்பாலும் ஷார்டனே மட்டும்தான். இன்னும் ஒன்று, 1976இல் பாரிஸில் லேபிளை மறைத்துச் சுவைத்த பிரெஞ்சு நடுவர்கள் வெள்ளை ஒயினில் முதலிடம் கொடுத்தது கலிபோர்னியா ஷார்டனேவுக்கு.