கத்தி முனையில் தெரியும் மரம்

அன்பார்ந்த நேயர்களுக்கு வணக்கம். மலேசியாவின் சுங்கை சிப்புட் பக்கத்து ரப்பர் தோட்டமொன்றில் நான் வளர்ந்த லயத்து வீட்டுக்கு எதிரே, ரப்பர் பால் சேரும் மங்குகளில் உறைந்து நாற்றமெடுக்கும் கட்டிப்பாலைச் சாக்குகளில் கட்டி அடுக்கும் கொட்டகை இருந்தது. பட்டணத்திலிருந்து வரும் மாமா வாசலில் கால் வைத்ததும் மூக்கைப் பொத்திக்கொள்வார். நாங்களோ அந்தக் காற்றிலேயே பசியாறி, அந்தக் காற்றிலேயே உறங்கினோம். சிறிது நேரத்தில் மாமாவும் கையை எடுத்துவிட்டுக் காப்பி குடிக்கத் தொடங்கிவிடுவார். கொட்டகையிலிருந்த சாக்குகளில் ஒன்றுகூட அதற்குள் குறைந்திருக்காது. அப்படியானால் உள்ளதை உள்ளபடி அறிந்தது யாருடைய மூக்கு என்பதே இன்று நான் எடுத்துக்கொண்ட கேள்வி.

புலன்கள் உலகை நோக்கித் திறந்த சன்னல்கள் என்று நம்பியே நாம் நடமாடுகிறோம். இந்த நம்பிக்கையை இப்போதே சோதித்துப் பார்க்கலாம். வண்டி ஓட்டிக்கொண்டிருப்பவர்கள் மட்டும் வீடு போய்ச் சேர்ந்தபின் செய்யுங்கள். இரு கைகளையும் முன்னே நீட்டி, கட்டைவிரல்களைச் சேர்த்து நிமிர்த்திக்கொண்டு, இடக்கண்ணை மூடி, வலக்கண்ணால் இடது கட்டைவிரலையே பார்த்தவாறு, வலது கட்டைவிரலை மெல்ல வலப்பக்கம் நகர்த்துங்கள். ஒரு சாணுக்குச் சற்றுக் குறைவான தொலைவில் அந்த விரலின் நுனி காணாமற்போகும். விழித்திரையிலிருந்து நரம்பிழைகள் ஒன்றுகூடி வெளியேறும் இடத்தில் ஒளியை உணரும் செல்கள் இல்லை. இந்தக் குருட்டுப் புள்ளியை மரியோட் என்ற பிரெஞ்சு அறிஞர் 17ஆம் நூற்றாண்டிலேயே கண்டறிந்தார். விரல் மறைவதைவிட எனக்கு வியப்பளிப்பது, அந்த இடத்தில் ஓட்டை எதுவும் தெரியாமல் பின்னாலுள்ள சுவரே தொடர்ந்து தெரிவதுதான். பெரட்டு எனும் காலை வருகைப்பதிவுக்கு வராதவருக்கும் பேர் போட்டுவிடும் தோட்டத்துக் கணக்கரான கிராணியைப் போல, காணாத இடத்தையும் கண்டதாக மூளை கணக்கில் எழுதிவிடுகிறது.

நரம்பில் ஓடும் செய்திக்கும் நேரம் பிடிக்கிறது. அதன் வேகத்தை அளக்கவே இயலாது என்று பலரும் எண்ணியிருந்த காலத்தில், ஹெல்ம்ஹோல்ட்ஸ் என்ற ஜெர்மானிய அறிஞர் 1850இல் தவளையின் நரம்பில் அதை அளந்து, நொடிக்கு ஏறத்தாழ 30 மீட்டர் என்று காட்டினார்.

இவற்றையெல்லாம் அடுக்கி, நாம் அறிவது மூளை புனைந்த படமே என்று முடித்துவிடுவோர் உண்டு. எனக்கு அது அவசர முடிவாகவே படுகிறது. அதற்குக் காரணம் என் அம்மா.

அம்மா பால்மரம் வெட்டியவர். மரத்தின் பால்நாளங்களில் அழுத்தம் மிகுந்திருக்கும் விடியற்கருக்கலில், தலைவிளக்கைக் கட்டிக்கொண்டு நிரைக்குள் இறங்குவார். பட்டையைச் சீவும் கத்தி, மரத்தைப் பெருக்க வைக்கும் மெல்லிய உயிர்ப்படலத்துக்கு ஒன்று அல்லது ஒன்றரை மில்லிமீட்டர் முன்பாக நின்றுவிட வேண்டும். அந்த அரையிருட்டில் அது எப்படித் தெரிகிறது என்று ஒருமுறை கேட்டேன். “கத்தி சொல்லும்டா” என்றார். தொட்டறியும் நரம்புகள் அவர் கையில்தான் இருந்தன, இரும்பில் இல்லை. ஆயினும் அவர் உணர்ந்தது கைப்பிடியின் அழுத்தத்தை அன்று. முனைக்குக் கீழே பட்டை இளகுவதையும் இறுகுவதையும் உணர்ந்தார். இரும்பும் நரம்பும் மூளையும் பல்லாண்டுப் பழக்கமும் நடுவில் நின்று மரத்தை அவரிடமிருந்து மறைக்கவில்லை. அவற்றைக் கொண்டுதான் அவர் மரத்தைத் தொட்டார். இடையில் எதுவுமே இல்லாத அறிவுதான் நேரடி அறிவு என்று வரையறுத்துக்கொண்டு, அது கிடைக்கவில்லையே என்று வருந்துவதில் பொருளில்லை என்பேன்.

மணிமேகலைக் காப்பியத்தில் பௌத்தத் துறவி அறவண அடிகள், அறிவு பெறும் வழிகளை ஆராயும் பௌத்த அளவை நூலை விளக்கும்போது, பெயர், சாதி எனும் பொருளின் வகை, குணம், செயல் ஆகியவற்றை விலக்கி எஞ்சும் வெறும் சுட்டுணர்வையே காட்சி என்கிறார். அந்தக் கணக்கில், மூக்கில் பட்டது காட்சி. அதைக் கட்டிப்பால் நாற்றம் என்றது எங்கள் மாமாவின் கருத்து. நுட்பமான பிரிப்புதான். ஆனால் அம்மாவின் கையில் சுட்டுணர்வு எங்கே முடிந்து தேர்ச்சி எங்கே தொடங்கியது என்று கோடு கிழிக்க என்னால் இயலவில்லை.

அந்தக் கையும் எப்போதாவது தவறியது. ஆழமாகப் பட்ட வெட்டு அன்றைக்குப் பெரிதாகத் தெரியாது. புதுப்பட்டை வளர்ந்து வரும்போது அந்த இடம் முண்டும் முடிச்சுமாகப் புடைத்து நிற்கும். மறுபடியும் அந்தப் பக்கத்தில் வெட்டு வரும்போது, அம்மா கத்தியை வைப்பதற்கு முன் அந்த முண்டைக் கட்டைவிரலால் ஒருமுறை தடவிப் பார்த்துக்கொள்வார்.