அஜைல் என்றால் ஆவணம் வேண்டாமா?

[திரை: பாளையங்கோட்டை மார்க்கெட் பக்கம் ஒரு பலசரக்குக் கடை. கல்லாவில் பில் அச்சாகிறது.]

குரல்: இந்தக் கடைக்கு பில்லிங் மென்பொருள் செய்யும் ஒரு சின்னக் குழு என்று வைத்துக்கொள்வோம். வேலை அஜைல் முறையில், அதாவது மென்பொருளைக் கொஞ்சம் கொஞ்சமாகச் செய்து, அடிக்கடி காட்டித் திருத்துவது. இரண்டு வாரத்துக்கு ஒரு ஸ்பிரிண்ட், அதாவது ஒரு சுற்று வேலை. "அஜைல்ல டாக்குமென்ட் எல்லாம் வேண்டாம்லா" என்று ஒருவர் சொல்ல, மற்றவர்களுக்கும் அது வசதியாகிவிடுகிறது.

[திரை: 2001, ஸ்னோபேர்ட், யூட்டா, அமெரிக்கா]

குரல்: 2001 பிப்ரவரியில் இங்கே 17 பேர் கூடி எழுதிய அஜைல் அறிக்கை, விரிவான ஆவணத்தைவிட ஓடுகிற மென்பொருளே மேல் என்கிறது. ஆனால் ஆவணத்துக்கும் மதிப்பு உண்டு என்று அதிலேயே எழுதியிருக்கிறது. அந்த வரிதான் யார் கண்ணிலும் படுவதில்லை.

சரி, எதை எழுதுவது?

[திரை: கோட். ரவுண்டிங் வரி மட்டும் மஞ்சளில்.]

குரல்: பைசாவை முழு ரூபாயாக்குவது, அதாவது ரவுண்டிங், கடைசிக் கூட்டுத்தொகையில் மட்டும். இது கோட் பார்த்தாலே தெரியும், தனியாக எழுத வேண்டாம். ஏன் அப்படி? சரக்குக்குச் சரக்கு ரவுண்ட் செய்தால், 20 சாமான் உள்ள பில்லில் 10 ரூபாய் வரைகூட வித்தியாசம் வரலாம். "ஆளுவ சண்டைக்கு வந்துருவாவ" என்று அண்ணாச்சி சொல்லியிருந்தார். அந்தக் காரணம் கோடில் எங்கேயும் இல்லை. அடுத்த வருஷம் புதிதாகச் சேர்கிறவர் இதை பக், அதாவது பிழை, என்று நினைத்து 'சரி' செய்துவிடுவார்.

[திரை: கோயில் கல்வெட்டு]

குரல்: கல்வெட்டில் யார் கொடுத்தார், எதற்குக் கொடுத்தார் என்று இருக்கும். உளி பிடித்த விதம் இருக்காது. ஆவணமும் அப்படித்தான் இருக்க வேண்டும். மென்பொருள் வல்லுநர் மைக்கேல் நைகார்ட் 2011இல் முன்வைத்த முடிவுப் பதிவு இதற்குச் சரியாகப் பொருந்தும்: சூழல் என்ன, எடுத்த முடிவு என்ன, அதன் விளைவு என்ன. ஒரு பக்கம், இரண்டு பக்கம் போதும்.

அதைத் தனி ஃபோல்டரில் எங்கேயோ போடாமல் கோட் இருக்கும் ரெப்போவிலேயே (கோட் சேமிப்பிடம்), அதே புல் ரிக்வெஸ்ட்டில் (மாற்றத்தைச் சேர்க்கக் கேட்கும் கோரிக்கை) சேர்த்துவிடுங்கள். ரிவியூ செய்கிறவர் இரண்டையும் சேர்த்துப் பார்ப்பார். எழுதாவிட்டால் அந்த வேலை 'முடிந்தது' இல்லை என்று குழு பேசி வைத்துக்கொள்ளட்டும். கூடவே ரவுண்டிங்குக்கு ஒரு டெஸ்ட், கணக்குச் சரியா என்று தானாகப் பார்க்கும் சின்ன நிரல். ஆவணம் பழசானால் சத்தம் போடாது, டெஸ்ட் போடும்.

ஏபிஐ, அதாவது ஒரு மென்பொருள் இன்னொன்றோடு பேசும் வழி. அதன் விவரங்களைக் கோடிலிருந்தே எடுத்து ஓப்பன்ஏபிஐ என்ற பொது வடிவத்தில் தரும் கருவிகள் உண்டு, கையால் எழுதிக்கொண்டிருக்க வேண்டாம். அப்புறம், ஸ்கிரீன்ஷாட் ஒட்டி ஒட்டி வளர்த்த அந்தப் பழைய கையேடு. திரை மாறியும் யாரும் அதைத் தொடவில்லை என்றால், என்னைக் கேட்டால், இன்றைக்கே அழித்துவிடலாம்.